வள்ளத்துக்குப் போகாத சத்தம்

எங்காவது ஏதாவது கெட்டுப்போய்விட்டது என்று கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். சாயர்புரத்தில் அம்மா "மிக்ஸி ஓடல" என்று போனில் சொன்னால், புதுசு வாங்குவதைப் பற்றி அவள் பேசிக்கொண்டிருப்பாள், நான் "எப்படி நின்னுச்சு, சத்தம் போட்டுட்டு நின்னுச்சா, சும்மா நின்னுச்சா" என்று குடைந்துகொண்டிருப்பேன். என்னைக் கட்டிக்கொண்டவர் இதை வியாதி என்கிறார். இந்த வியாதிக்குத்தான் தூத்துக்குடியில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்.

எங்கள் ஆபீஸ் ஒரு கயிற்றுக் கடைக்கு மாடியில் இருக்கிறது. படியேறும்போதே நைலான் கயிற்று வாசம் தூக்கும். மொத்தமே ஒரு சின்னக் கும்பல். துறைமுகத்துக்கு லாரி அனுப்புகிறவர்கள், உப்பு வியாபாரிகள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் செயலி செய்து கொடுப்போம். வேம்பாரில் வள்ளக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு சங்கத்துக்கும் ஒன்று செய்து கொடுத்திருந்தோம். வேலை ரொம்ப எளிது. காற்று கூடப் போகிறது என்று தகவல் வந்தால் சங்கத்து ஆபீசில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார். கடலில் இருக்கிற ஒவ்வொரு வள்ளத்திலும் போன் சத்தம் போடும். வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும். முதலில் சங்கு ஊதுகிற சத்தத்தை வைத்தோம். முத்துக்குளித்த கடற்கரைதானே, பொருத்தமாக இருக்கும் என்று நினைத்துவிட்டோம். சங்கத்துச் செயலாளர் அண்ணாச்சி நேரில் வந்து, "கடலுக்குப் போறவனுக்குச் சங்கா ஊதுவீக?" என்று ஒரு பிடி பிடித்தார். கோயில் மணி வேண்டுமா என்றதற்கும் அதே பார்வைதான். கடைசியில் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது லாரி ஹாரன். அதிலிருந்து கடலுக்குள் லாரி ஓடத் தொடங்கியது.

கச்சான் காற்று வீசுகிற பருவம் அது. மேற்கேயிருந்து அடிக்கிற இந்தக் காற்றுக்கு முன்னறிவிப்பு கொஞ்சம்தான். ஒருநாள் காலையில் சங்கம் பொத்தானை அழுத்தியது, வள்ளங்கள் திரும்பின. ஒரே ஒரு வள்ளம் மட்டும் எல்லோருக்கும் பின்னால், மத்தியானத்துக்கு மேல், பாதி தண்ணீரோடு வந்து சேர்ந்தது. ஒருவர் எஞ்சினைப் பிடித்திருக்க, மற்றவர்கள் வாளியால் இறைத்துக்கொண்டே வந்தார்களாம். அவர்கள் போன் கத்தவே இல்லை.

அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். "ஊருக்கெல்லாம் கத்துது, இவன் போன் மட்டும் ஊமையாக் கெடக்கும்மா. வேற சில பேரும் இப்பச் சொல்லுதாக, பக்கத்து வள்ளம் திரும்புனதப் பாத்துத்தான் அவுகளும் திரும்புனாகளாம். அடுத்த காத்துக்குள்ள இத என்னன்னு பாத்துருங்க. கரைல நிக்க பொம்பளைகளுக்குப் பதில் சொல்ல முடியல." அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அடுத்த காற்று அடுத்த மாதமும் வரலாம், நாளை மறுநாளும் வரலாம்.

எங்கள் சர்வரில் அன்றைய குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். அந்த வள்ளத்துக்கு நேராக "சக்சஸ்" என்று இருந்தது. எனக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே எரிச்சல். நாங்கள் அனுப்பும் செய்தி நேரே போனுக்குப் போவதில்லை. நடுவில் வேறொருவருடைய பெரிய சர்வர் இருக்கிறது. நாம் அதனிடம் கொடுக்கிறோம், அது போனைத் தேடிப்பிடித்துக் கொடுக்கிறது. கடற்கரை ரோட்டு பஸ்ஸில் டிரைவர் கையில் ஒரு பார்சலைக் கொடுத்து வேம்பாரில் இறக்கிவிடச் சொல்கிற மாதிரி. "சக்சஸ்" என்றால் டிரைவர் பார்சலை வாங்கிக்கொண்டார் என்று மட்டுமே அர்த்தம். இறக்கினாரா, யார் வாங்கினார்கள் என்று அவர் திரும்பி வந்து சொல்வதில்லை.

புகார் சொன்ன வள்ளக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில போன்கள் செயலிகளைத் தாமாகவே தூங்கவைத்துவிடும். அந்த வகைப் போன்களாக இருந்தால் விஷயம் முடிந்தது. "என்ன மாடல் போன்?" என்றால் ஒருவர் "கறுப்பு" என்றார். இன்னொருவர் "மச்சான் சவுதிலேர்ந்து கொண்டாந்தது" என்றார். ஒருவழியாகக் கேட்டு வாங்கியதில், ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கம்பெனி சிம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கடலில் போனை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைக்கிறார்கள் என்று தெரிந்ததும், சத்தம் டப்பாவைத் தாண்டவில்லையோ என்றுகூட யோசித்தேன். ஆனால் எல்லா வள்ளத்திலும் அதே டப்பாதான்.

ஒரு பதில் மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. "கரைக்கு வந்து ஆப்பத் தொறந்தா மெசேஜ் உள்ள கெடக்கு. சத்தந்தான் வரல" என்று எல்லோருமே சொன்னார்கள். செயலியைத் திறந்தால் அது தானே போய் சர்வரிடம் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவந்து காட்டும். அது ஒரு வழி. மூடிக்கிடக்கிற போனைத் தட்டிச் சத்தம் போடவைப்பது முற்றிலும் வேறு வழி. முதல் வழி நன்றாக இருந்ததால்தான் இரண்டாவது அடைந்து கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. ஏன் இந்தச் சில வள்ளங்களுக்கு மட்டும் அடைந்தது? ராத்திரி சாப்பிடும்போதும் அதையே முணுமுணுத்ததில், சோற்றில் குழம்பு ஊற்றிக்கொள்ளவே மறந்துவிட்டேன்.

வேம்பாருக்கு பஸ் ஏறினேன். அண்ணாச்சி கரைக்கு அழைத்துப் போய், தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்த அந்த வள்ளக்காரரிடம் விட்டார். பேச்சுக் குறைவான மனிதர். எஞ்சின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவர், எண்ணெய்க் கையைத் துணியில் தேய்த்துவிட்டு டப்பாவிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் பார்த்தேன். நோட்டிஃபிகேஷன் அனுமதி இருந்தது. பேட்டரி கட்டுப்பாடு இல்லை. டவர் முழுசாக இருந்தது. மடிக்கணினியைத் திறந்து அவருடைய வள்ளத்துக்கு மட்டும் ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். "சக்சஸ்." என் உள்ளங்கையில் போன் அசையாமல் கிடந்தது.

உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் எனக்குக் குதூகலமாக இருந்தது. கடல் மேல் தப்பில்லை, டவர் மேல் தப்பில்லை, கரையில் நின்றுகொண்டே கோளாறைக் கண்ணால் பார்த்துவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் குதூகலம் அடங்கியது. வெயிலில் உதடு வெடித்து, அசதியோடு நின்றார். "வீட்ல போயி நிழல்ல இருந்து பாருங்க. போன் வேலையெல்லாம் என் பொஞ்சாதிதான் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் பிளக்கிடம் திரும்பினார்.

கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. அந்த அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் பலகை முழுவதும் ஜாக்கெட் துணி, கத்தரிக்கோல், பாபின். என்னைப் பார்த்ததும் எழுந்து ஃபேனைத் திருப்பிவிட்டு, "ஒத்தையிலயா வந்தீக? தூத்துக்குடிலேர்ந்தா?" என்று ஆச்சரியப்பட்டு டீ போட உள்ளே போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கணவருடைய போனை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் சோதனைச் செய்தியை அனுப்பினேன்.

மடியில் இருந்தது சும்மா கிடந்தது. தையல் மெஷின் மேல், ஜாக்கெட் துணிக்கு அடியிலிருந்து, ஒரு லாரி முழு வேகத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"பயந்துட்டீகளா? அது என் போனு. எனக்கும் வரும்."

"உங்களுக்கும் வருமா?"

"பின்ன? அவுக நம்பரப் போட்டு நானே ஏத்துனேன்ல. ஓடிபி அவுக போனுக்குப் போச்சு, கேட்டு வாங்கிப் போட்டேன். அவுகளத் திரும்பச் சொல்லும்போது எனக்கும் தெரிஞ்சா உலை வைக்கலாம்லா." பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி அதைச் சொன்னாள்.

எனக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது. மீதிப் பாதியைக் கேட்க வேண்டாம் என்றும் இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அன்னைக்கு அவுக தண்ணி இறைச்சுக்கிட்டு வந்தாகளே, அன்னைக்கும் இந்தப் போன் கத்திச்சாக்கா?"

"கத்திச்சே. காலைலயே கத்திச்சு. சரி, சொல்லிட்டாக, இந்நேரம் திரும்பிருப்பாகன்னு நிம்மதியா ஒரு ஜாக்கெட்டையே தைச்சு முடிச்சேன். பெறகு பாத்தா ஆளக் காணோம்." டீயை என் கையில் கொடுத்தாள். "அவுகளுக்கு மட்டும் எப்படிக் கத்தாமப் போச்சுன்னுதான் எனக்குப் புரியல."

ஒவ்வொரு போனுக்கும் செய்தி வந்து சேர ஒரு அடையாளம் உண்டு. டோக்கன் என்போம். வீட்டுக் கதவிலக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். நான் வேலைக்குச் சேரும் முன்பே எங்கள் சர்வர் ஒரு போன் நம்பருக்கு ஒரு கதவிலக்கம் என்றுதான் அமைக்கப்பட்டிருந்தது. புதிதாக யாராவது அதே நம்பரைப் போட்டு உள்ளே நுழைந்தால் பழைய இலக்கத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளும். அக்கா அவள் போனில் நுழைந்த அன்றே வள்ளத்தின் இலக்கம் அழிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் கடலுக்கு அனுப்பியதெல்லாம் இந்தத் தையல் மெஷினுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அவர் போனில் செயலி எப்போதும்போலத் திறந்தது, பழைய செய்திகளைக் காட்டியது. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"புகார் சொன்ன மத்த வள்ளம்லாம் யாரு வீட்டுதுக்கா?"

நான் ஒவ்வொரு வள்ளமாகச் சொல்லச் சொல்ல அவள் கையை ஜன்னல் பக்கம் நீட்டினாள். "அது எதிர்வீடு. அது பைப்புக்குப் பக்கத்து வீடு. அது எங்க கொழுந்தன் வீடு. எல்லாம் இந்தத் தெருதான். அவுகளுக்கெல்லாம் நான்தான் போட்டுக் குடுத்தேன்."

போன் கம்பெனி, சிம், டவர் என்று நான் எத்தனை விதமாக அடுக்கிப் பார்த்தேன்! எதிலும் அடங்காதது ஒரு தெருவுக்குள் அடங்கிவிட்டது. அந்தத் தெருவில் போன் வேலை தெரிந்த ஒரே பெண் இவள். கேட்டவர்களுக்கெல்லாம் ஓடி ஓடி உதவியிருக்கிறாள்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் சரிசெய்துவிட்டு பஸ் ஏறிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அவள் போனிலிருந்து செயலியை எடுக்க ஏதாவது காரணம் சொல்லித்தானே ஆகவேண்டும், பொய்க்காரணம் சொன்னால் நாளைக்கே மறுபடியும் போட்டுவிடுவாள். அதனால் சொன்னேன். வார்த்தையில் சொன்னது அவளுக்குப் பிடிபடவில்லை. "அப்படியெல்லாம் இருக்காது" என்றாள். அவள் போனில் வெளியேறிவிட்டு, அவர் போனில் மறுபடியும் நம்பரைப் போட்டு நுழையச் சொன்னேன். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தியை அனுப்பினேன். அவருடையது கத்தியது. அவளுடையது சும்மா இருந்தது.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இங்கன கத்துனப்பல்லாம் அங்கன கத்தல."

நான் ஆமாம் என்றேன். அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, தைத்து வைத்திருந்த ஒரு ஜாக்கெட் கையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. என் மேல் பாய்ந்தாள்.

"ஒரு நம்பருக்கு ஒரு போனுதான்னு எவன் ஏளா முடிவு பண்ணுனான்? அது அவுக நம்பரா? வள்ளத்து நம்பர். ஐஸ்காரன் அதுலதான் கூப்பிடுதான், மீனெடுக்க ஏவாரி அதுலதான் கூப்பிடுதான், பிள்ளைக பள்ளிக்கூடத்துலயும் அதத்தான் குடுத்துருக்கேன். அது கடல்ல கெடந்தா என்ன, வீட்ல கெடந்தா என்ன, ஒரே நம்பர்தான்!"

தெருப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி உரிமையாகக் கூப்பிடுகிற மாதிரி அவள் என்னை ஏளா என்றது அதுதான் முதல் தடவை. திட்டாக இருந்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது. சொன்னது முழுக்க சரி என்பதும் உறைத்தது. ஆபீசில் நாங்கள் எல்லோரும் ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள் என்றே பழகிவிட்டோம். இந்தக் கடற்கரையில் நம்பர் வள்ளத்துக்கு உரியது. வள்ளத்துக்கு உரியதென்றால் வீட்டுக்கும் உரியது. இதை யாரும் எங்களுக்கு ஒளிக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை.

அடுத்து அவள் செய்ததுதான் எனக்கு மறக்காது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீடு வீடாகப் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன். "போனத் தா" என்பாள், வாங்குவாள், செயலியை நீக்குவாள், "கரைக்குப் போயி அவரு போன்ல திரும்ப நுழையச் சொல்லு, இப்பவே" என்பாள். ஒருத்தி, "ஏன்க்கா, நீதான போட்டுக் குடுத்த, நல்லா கத்திக்கிட்டு இருந்துச்சே" என்று தயங்கினாள். "கத்துனதுதாம்ளா வினையே" என்று சொல்லி அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். சாயங்கால பஸ்ஸுக்கு முன் அந்தத் தெருவில் பெண்கள் யார் போனிலும் செயலி இல்லை.

ஆபீசுக்கு வந்து வேலையைத் தொடங்கினோம். ஒரு நம்பருக்கு எத்தனை கதவிலக்கம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மாற்ற வேண்டும். வள்ளத்தில் இருப்பவர் பார்த்துவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினால், அது வீட்டிலிருக்கும் போனுக்கும் தெரிய வேண்டும் என்று நானே ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். அந்த அக்காவுக்காகத்தான். ஆனால் இப்படி ஒரு மாற்றம் செய்தால் சோதித்துப் பார்க்க வேண்டும், பிளே ஸ்டோரில் ஏற்ற வேண்டும், அவர்கள் சரி என்று விட வேண்டும். காற்று அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

ஒருநாள் வெயில் ஏறிய நேரம். சங்கத்திலிருந்து பொத்தானை அழுத்தியது எங்கள் திரையில் தெரிந்தது. எல்லா வள்ளத்துக்கும் நேராக "சக்சஸ்". கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். போனில் காற்று இரைந்தது, கரையில் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"சங்கத்துல சொல்லுதாக, அனுப்பியாச்சாம். அவுகளுக்குப் போயிட்டா ஏளா?"

போய்விட்டது அக்கா என்று சொல்வது எவ்வளவு சுலபம். திரையில் அப்படித்தான் எழுதியிருந்தது. வாய் வரை வந்தது.

"எங்க கைய விட்டுப் போயிட்டுக்கா. அவுக போனுக்குப் போயிச் சேர்ந்துச்சான்னு இங்கன இருந்து தெரியாது."

அவள் போனை வைக்கவில்லை. நான் மாடியில், அவள் கரையில், இரண்டு பேரும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கோளாறைத் தேடுகிற சந்தோஷமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த மனிதர் திரும்பி வந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

"என் போனு கத்தல" என்றாள் பிறகு. "அப்ப அங்கன கத்திருக்கும், இல்லியா?"

"கத்தியிருக்கணும்க்கா."

"ம்" என்றாள். மறுபடியும் காற்று. அப்புறம் தூரத்தில் யாரோ பெண்கள் கூப்பிடுகிற சத்தம். "வள்ளம் தெரியுது. வக்கேன்" என்று அணைத்துவிட்டாள்.

சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டு, அந்தத் தெரு வள்ளங்கள் எல்லாம் மற்றவர்களோடு சேர்ந்தே வந்துவிட்டன என்றார். போன் டப்பாவுக்குள் கிடந்து லாரி மாதிரி கத்தியதில் ஒருவர் கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டாராம். நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரர் தலைவலியா என்று கேட்டார்.

புதிய செயலி வந்ததும் நானே வேம்பாருக்குப் போனேன். இப்போது வள்ளத்திலும் கத்தும், வீட்டிலும் கத்தும், கடலில் பார்த்துவிட்டார்கள் என்றால் வீட்டுப் போனில் பச்சைக் குறியும் விழும். தெருப் பெண்களெல்லாம் போனை நீட்டினார்கள், போட்டுக் கொடுத்தேன். அந்த அக்கா மட்டும் நீட்டவில்லை. "எனக்கு வேண்டாம்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்காகவே செய்தது, அவள் வேண்டாம் என்றால் எப்படி? இது பழைய மாதிரி இல்லை, இரண்டு பக்கமும் வரும், அவர் பார்த்தது கூடத் தெரியும் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ நல்லாத்தான் பண்ணிருப்ப ஏளா. ஆனா அது கத்துனா, பச்சை விழுந்தா, நான் தைக்க உக்காந்துருவேன். அன்னைக்கும் அப்படித்தான உக்காந்தேன்" என்றாள். "ஒண்ணும் தெரியாட்டாதான் கரைக்குப் போயி நின்னு பாப்பேன்."